குளத்துக்குத் தலைவாரிய வருஷம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். அந்தக் கடைசியில் இருந்தால் பாதிதான் காதில் விழும். இந்தச் சங்கதியைப் பாதி கேட்டுவிட்டு எழுந்து போனவர்கள் எல்லாரும் தையல்நாயகியைப் பாவி என்று சொல்லித் திரிகிறார்கள். முழுக்கக் கேளுங்கள், அப்புறம் உங்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் ஆனைமுங்கிக் குளம் ஓரத்தில் இடுப்பளவு, நடுவில் ஆனை இறங்கினாலும் முதுகு தெரியாது. அதைப் பதினாலு பெண்கள் குழுவாகச் சேர்ந்து குத்தகைக்கு எடுத்து மீன் வளர்த்தோம். மேல்தண்ணீருக்குக் கட்லா, நடுத்தண்ணீருக்கு ரோகு, அடிச்சேற்றுக்கு மிருகால் என்று ஒன்றின் தீனியை ஒன்று பிடுங்காதபடி விட்டு, முழங்கை வரைக்கும் கையை இறக்கி உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் தண்ணீர் சரி, பளிச்சென்று தெரிந்தால் சாணி கரைக்கணும், தெரியவே இல்லையென்றால் சாணியை நிறுத்தணும் என்று பச்சைப்பிள்ளைக்கு நெற்றி தொட்டுப் பார்க்கிற மாதிரி தொட்டுத் தொட்டுப் பார்த்து வளர்த்தோம். குழுவுக்குத் தலைவி வேம்பு. அவள் புருஷன் கலியமூர்த்தி லாரி ஓட்டுகிறவன். கலியமூர்த்திக்கு அக்காள்தான் தையல்நாயகி. புருஷனை இழந்தவள், கூடையில் மீன் சுமந்து விற்றுப் பிழைத்தவள், செவுளைத் தூக்கிப் பார்த்தே அந்த மீன் முந்தாநாள் என்ன தின்றது என்று சொல்கிறவள். வாய் நீளம், அதைவிடப் புத்தி நீளம்.

அந்தக் குளத்தில் எங்களுக்கு ஒரே ஒரு எதிரி உண்டு, அடியில் வேர்விட்டுக் கொடியாக நீளுகிற வேலம்பாசி. பகலெல்லாம் தண்ணீருக்கு மூச்சுக் கொடுக்கும், இருட்டிவிட்டால் கொடுத்ததைத் தானே திரும்ப இழுத்துக்கொள்ளும். அளவாக இருந்தால் மீனுக்கு நிழல். மிஞ்சிப்போனால் விடிகிற நேரத்தில் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கும். அதனால் வாரத்துக்கு ஒரு மூலையென்று கயிறு போட்டு இழுத்துக் கரையில் எறிந்துவிடுவோம். அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது, மூன்று வாரம் நாங்கள் இறங்கவில்லை, பாசி ஏறிவிட்டது.

மழை விட்ட வெள்ளிக்கிழமை மீன்பிடி வைத்தோம். வேம்புக்கு ஒரே மகள் செங்கமலம், பதினெட்டு வயசு, தலையில் ரெட்டைச் சுழி, முட்டி வரைக்கும் முடி. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு குளத்தங்கரைக்கு வந்தாள். வலை பாசியில் மாட்டிக்கொண்டது. நான் போய் எடுத்துவிடுகிறேன் என்று குதித்தாள். எங்களில் யாரையும்விட நன்றாக நீந்துகிறவள், அதனால் யாரும் தடுக்கவில்லை. விரித்த முடியும் பாசியும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. கீழே போய்ப் பார்த்தவர்களுக்கு எது முடி எது பாசி என்று பிரித்தறிய முடியவில்லை, தையல்நாயகி அரிவாளால் இரண்டையும் சேர்த்து அறுத்த பிறகுதான் அவளை மேலே கொண்டுவந்தார்கள். மகள் கரைக்கு வந்தாள், கூந்தல் தண்ணீரிலேயே நின்றுவிட்டது.

கருமாதி முடிந்த மறுநாள் காலையில் பாத்திரம் விளக்கப் படித்துறைக்குப் போன நாங்கள் பாசி இருந்த இடத்திலெல்லாம் முடி முளைத்திருப்பதைப் பார்த்தோம். கறுகறுவென்று, அலையலையாக, சீயக்காய் வாசத்தோடு குளம் முழுக்கப் பரந்து கிடந்தது. படித்துறைக்கு நேரே இரண்டு சுழி, ஒன்று வலம், ஒன்று இடம். தையல்நாயகி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, செங்கமலம் முடிதான் என்றாள். ஏன் என்றோ எப்படி என்றோ யாரும் கேட்கவில்லை. வயசுப்பெண் தலைமேல் கரிச்சட்டி தேய்ப்பது முறையில்லை என்று பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்குப் போனோம்.

வேம்பு அன்றைக்கே சீப்பை எடுத்துக்கொண்டு வந்து முதல் படியில் உட்கார்ந்தாள். தண்ணீரில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி மடியில் போட்டு, சிக்கெடுத்து, மூன்று காலாகப் பிரித்துப் பின்னினாள். வெயில் ஏறுகிறவரை பின்னினாள். மறுநாள் காலை எல்லாம் அவிழ்ந்து கிடந்தது. மறுபடி பின்னினாள்.

ஊர் என்ன செய்யும், அதற்கு ஏற்ற மாதிரி தன்னை மாற்றிக்கொண்டது. ஆண்கள் அந்தப் படித்துறையில் குளிப்பதை விட்டுவிட்டு மேலக்கரையில் முள்ளுக்குள் இறங்கிக் குளித்தார்கள். எருமையை இறக்கினால் பேன் பிடிக்கும் என்று எருமைக்காரர்கள் வேறு குட்டை தேடினார்கள். பள்ளிக்கூடத்துப் பெண்கள் தங்கள் முடியும் வளரட்டும் என்று போகிறபோது ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனார்கள். பஸ்ஸில் கண்டக்டர் எங்கள் ஊர்ப் பேரை மறந்து, கூந்தல் குளமெல்லாம் இறங்கு என்று விசில் அடித்தான். களைக்கணக்கு எடுக்க வந்த ஓர் உத்தியோகஸ்தர் கரையில் நின்று ரொம்ப நேரம் யோசித்து, களையின் வகை என்ற கட்டத்தில் முடி என்று எழுதி, நீளம் தெரியாமல் வேம்பிடம் கேட்டார். முட்டி வரைக்கும் சார் என்று அவள் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்கள் கனகாம்பரமும் ரிப்பனும் தேங்காயெண்ணெயும் கொண்டுவந்தார்கள். தாயில்லாமல் போனவர்களும் மகளைப் பறிகொடுத்தவர்களும் வந்து ஆளுக்கொரு பிடி எடுத்துப் பின்னிவிட்டு அழுதுவிட்டுப் போனார்கள். எண்ணெயை அப்படியே குளத்தில் ஊற்றினார்கள், தலைக்கு வைக்காமல் எப்படி என்று.

தையல்நாயகிதான் முதலில் முகம் சுளித்தாள். தண்ணீர்மேல் எண்ணெய் ஆடை கட்டுகிறது, பூவெல்லாம் அடியில் அழுகுகிறது, முடி நாளுக்கு நாள் அடர்ந்து வெயிலை உள்ளே விடமாட்டேன் என்கிறது. மார்கழி பிறந்ததும் விடியலில் கட்லாக்கள் சுழியைச் சுற்றி மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வந்து பார்த்த வெளியூர்க்காரர்கள் மீன்கூட அந்தப் பெண் பேரைச் சொல்லுகிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தையல்நாயகி ஒரு மீனைப் பிடித்துச் செவுளைத் தூக்கிக் காட்டினாள். செம்பருத்தி மாதிரி இருக்க வேண்டியது பழந்துணி நிறத்தில் இருந்தது. பேரும் சொல்லவில்லை ஊரும் சொல்லவில்லை, மூச்சு முட்டிச் சாகிறது என்றாள்.

பதினாலு வீட்டு அடுப்பும் அந்த மீனை நம்பி எரிகிறது. முடியை எடுக்கணும். ஆனால் எடுக்கலாம் என்று வேம்பிடம் சொல்ல எங்களில் ஒருத்திக்கும் நா எழவில்லை. கடைசியில் கோயில் பூசாரி நடேசன் ஒரு வழி சொன்னார். ஏழு வயசில் செங்கமலத்துக்கு மஞ்சள்காமாலை கண்டபோது, பிழைத்தால் காத்தாயி அம்மனுக்கு மொட்டை போடுவதாக வேம்பு வேண்டிக்கொண்டாள். முடி அழகாக இருக்கிறதே, அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப் போட்டுப் பெண்ணும் சமைந்துவிட்டாள், வேண்டுதல் அப்படியே நின்றுபோனது. அந்தப் பாக்கியைத்தான் அம்மன் குளத்தில் முளைக்க வைத்துக் கேட்கிறாள், மொட்டை போட்டுவிட்டால் தீர்ந்தது என்றார் பூசாரி. அதைக் கேட்டதும் வேம்பு தலையாட்டினாள். சாமிக்கென்றால் எந்தத் தாய் மறுப்பாள்.

தையல்நாயகி கூட்டத்துக்கு நடுவில் எழுந்து நின்று, எடுப்பதென்றால் மூலை மூலையாக எடுங்கள், குளத்தை ஒரே நாளில் வழித்தால் மீன் தாங்காது என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். "அம்மனுக்கு மொட்டையைத் தவணையில போடச் சொல்றியா தையலு? இன்னைக்கு வலக்காது வரைக்கும், அடுத்த வாரம் இடக்காதா?" என்று நடேசன் கேட்டார். பாதி மொட்டை தெய்வத்தைக் கேலி செய்கிற காரியம். மொட்டை என்றால் ஒரே இருப்பில், கத்தி வைத்தால் முழுக்க வழித்துவிட்டுத்தான் எழுந்திருக்கணும். எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். அதனால் தையல்நாயகி சொன்னது யாருக்கும் ஏறவில்லை. எனக்கும் ஏறவில்லை. அன்றைக்கு அரிவாள் பிடித்த கைகளில் என் கையும் ஒன்று.

வாழைமரத் தெப்பம் நாலு கட்டி, மேளம் வைத்து, ராகுகாலத்துக்கு முன்னால் தொடங்கி உச்சிக்குள் குளத்துக்கு மொட்டை போட்டு முடித்தோம். அறுத்த முடியை அள்ளி எடுக்கலாம் என்றுதான் நினைத்தோம். அது விரல் இடுக்கில் வழுக்கிக்கொண்டு, இழை இழையாகப் பிரிந்து, கறுப்பு மழை மாதிரி அடிக்குப் போய்விட்டது. குளம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. எல்லாரும் கைதட்டினோம். வேம்பு படியில் உட்கார்ந்து சீப்பில் சிக்கியிருந்த நாலு இழையை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்தது, முட்டை அழுகின வாடை அடித்தது. நாலாம் நாள் விடியலில் தையல்நாயகி தெருவெல்லாம் ஓடிக் கதவைத் தட்டினாள். போய்ப் பார்த்தால் குளம் முழுக்க வாய். கட்லா, ரோகு, அடிச்சேற்றை விட்டு வராத மிருகால்கூட மேலே வந்து ஆகாயத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. என்ன செய்கிறது என்று தெரியாமல், பனைமட்டையும் துடைப்பமும் முறமும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு குளத்தில் இறங்கித் தண்ணீரை அடித்தோம். அடிக்க அடிக்கத் தண்ணீருக்குள் காற்றுப் போகும் என்று தையல்நாயகி கத்திக்கொண்டே அடித்தாள். குடத்தில் மொண்டு தலைக்குமேல் தூக்கி ஊற்றினோம். இன்ஜினை இறக்கித் தண்ணீரை இறைத்துக் குளத்திலேயே பீய்ச்சினோம். தெருவில் இருந்த கிழடு கட்டை எல்லாம் இடுப்பளவு தண்ணீரில் நின்று அழுதுகொண்டே அடித்தது. சூரியன் பனைமர உயரம் வந்தபோது பாதி மீன் எங்கள் தொடையில் இடித்துக்கொண்டு வெள்ளை வயிற்றோடு மிதந்தது. குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம். ஒரு வருஷத்துச் சோற்றைப் புதைத்தோம்.

எட்டாம் நாள் முடி மறுபடி முளைத்தது. அதே சுழி, அதே வாசம். ஊரிலேயே அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் வேம்பு. அந்தச் சந்தோஷத்தை எங்களால் மன்னிக்க முடியவில்லை.

இந்தத் தடவை ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கடையில் களைக்கொல்லி விற்கிறான், தெளித்துவிடுவோம் என்றான் ஒருவன். மொட்டைக்கே தாங்காத மீன் மருந்துக்கா தாங்கும் என்று தையல்நாயகி அவனைத் துரத்தினாள். புல்கெண்டை வாங்கி விட்டால் ஒரே மாசத்தில் மேய்ந்து தீர்த்துவிடும் என்றான் இன்னொருவன். அது நல்ல யோசனைதான், பாசியாக இருந்தால். செங்கமலத்தின் தலையைத் தின்று கொழுத்த மீனை யார் வாங்குவது, யார் குழம்பு வைப்பது, எந்தப் பிள்ளைக்கு ஊட்டுவது? சொன்னவனே வெட்கப்பட்டு எழுந்து போய்விட்டான். வேம்பு அன்றிலிருந்து படித்துறையை விட்டு நகரவில்லை. அரிவாளோடு யாராவது வந்தால் முதலில் என் கழுத்து என்றாள்.

அப்போதுதான் தையல்நாயகி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் படிக்கு மேலே கரையில் வேட்டி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது.

"பொம்பளப்புள்ளைக்கு எவன்டி மொட்டை கேட்டான்? நம்ம வீட்டுல பொம்பளைங்க காலம்காலமா என்ன குடுக்குறோம்? பூமுடிதானே."

வேம்பு திரும்பிப் பார்த்தாள்.

"வெள்ளிக்கு ஒரு பூமுடி. அவ்வளவுதான். நுனியில கொஞ்சம். மிச்சம் அவ தலையிலயே இருக்கட்டும். யாரும் தொட வேணாம், நீ பின்னு, நீயே எடு."

பூமுடி உங்களுக்குத் தெரியும். மொட்டை போட மனசில்லாத பெண்கள் மூன்று விரல்கடை முடியை நறுக்கி அம்மனுக்குக் கொடுப்பது. எங்களில் பாதிப் பேர் கொடுத்திருக்கிறோம். பூசாரி உட்பட ஒருவருக்கும் அது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் பாதி மீன் உயிரோடு இருந்திருக்கும்.

எங்களில் யாருக்கும் சொல்லாத ஒன்றை வேம்பு அப்போது சொன்னாள். "அன்னைக்குக் காலையில சீப்ப நீட்டிக்கிட்டு நின்னா அண்ணி, பின்னிவிடும்மான்னு. குளிச்ச தலை, என் கையெல்லாம் மீன் கவிச்சி. நாறுமேடி, அப்புறம் வான்னு அனுப்பிட்டேன். பின்னிவிட்டிருந்தா பாசி புடிச்சிருக்காது."

இல்லையென்று சொன்னால் பொய், ஆமென்று சொன்னால் கொலை. தையல்நாயகி வேம்பின் கையை எடுத்துத் தண்ணீரில் வைத்து, பின்னு என்றாள்.

அவள் புத்தியை அந்த வெள்ளிக்கிழமைதான் நாங்கள் புரிந்துகொண்டோம். குளத்தின் ஒரு மூலையில் நாலு மூங்கில் நட்டாள். அதற்குள் இருக்கிற முடியை மட்டும் வேம்பு அடியிலிருந்து நுனிவரை இறுக்கிப் பின்னினாள். பின்னி முடித்துக் கீழே நூல் கட்டி அறுத்தால், ஒரு இழை உதிரவில்லை, ஒரு இழை அடிக்குப் போகவில்லை, ஆள் தடிமனுக்குச் சடையாகவே கரைக்கு வந்தது. சிதறினால்தானே அழுகும். பதினாலு பேரும் வரிசையாக நின்று பாம்பைத் தூக்குகிற மாதிரி தோளில் தூக்கிக்கொண்டு அம்மன் கோயில் தென்னந்தோப்பில் கொண்டுபோய்ப் போட்டோம். அடுத்த வெள்ளி அடுத்த மூலை. இடையில் எண்ணெய் ஊற்ற வந்தவர்களையெல்லாம் தையல்நாயகி, அவளுக்குத் தலையில் சளி கட்டியிருக்கு, எண்ணெய் ஆகாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். ரிப்பனை வாங்கி மூங்கிலில் கட்டினாள். சுண்ணாம்பைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தாள். தண்ணீருக்கு வெயில் கிடைத்தது. மாசியில் செவுள் சிவந்தது. பங்குனியில் விடியற்காலை போய்ப் பார்த்தால் ஒரு மீனும் மேலே இல்லை, எல்லாம் கீழே நிம்மதியாக இருந்தது.

அத்தோடு கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

மீன் தேறத் தேற முடி மெலிந்தது. எடுத்த மூலையில் திரும்ப முளைக்கவில்லை. பழைய வேலம்பாசிதான் பச்சையாக எட்டிப் பார்த்தது. சித்திரையில் கால் குளத்துக்கு இருந்தது, வைகாசியில் ஒரு வண்டிச் சக்கரம் அளவுக்கு வந்துவிட்டது. போதும், இனிமேல் அறுக்க வேண்டாம், இவ்வளவு நிழல் மீனுக்கே வேண்டும் என்று தையல்நாயகியே நிறுத்தினாள். நிறுத்தியும் அது மெலிந்தது. அதோடு படித்துறையை விட்டு விலகி உள்ளே உள்ளே போனது. வேம்பு முதல் படியிலிருந்து மூன்றாம் படிக்கு இறங்கினாள். பிறகு இடுப்பளவில் நின்று பின்னினாள். பிறகு மார்பளவில். பின்னிய சடையை விட மனசில்லாமல் மத்தியானம் வரைக்கும் பிடித்துக்கொண்டே நிற்பாள், உள்ளங்கையும் பாதமும் வெளுத்துச் சுருங்கிக் கிடக்கும். கலியமூர்த்தி லாரியை விட்டு வந்து கெஞ்சிப் பார்த்தான். இன்னும் கொஞ்சம்தான், சிக்கு இருக்கு என்பாள்.

ஆனி மாசத்து வெள்ளிக்கிழமை, நல்ல வெயில். முடி ஒரு பிடிதான் மிச்சம். ரெட்டைச் சுழியும் நடுக்குளத்தில், ஆனை முங்குகிற இடத்தில் நின்றது. வேம்புக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் அவள் தாடையைத் தொட்டது. அவள் விரலுக்கும் அந்த முடிக்கும் ஒரு சாண் இருந்தது. ஒரு அடி எடுத்து வைத்தால் முடி ஒரு அடி உள்ளே போனது. கரையில் நின்ற நாங்கள் கூப்பிட்டோம். அவள் திரும்பவில்லை. தண்ணீர் உதட்டுக்கு வந்தது.

தையல்நாயகி புடவையை வரிந்து கட்டி, அரிவாளைப் பல்லில் கடித்துக்கொண்டு குதித்தாள். வேம்பைத் தாண்டிப் போனாள். சுழியிரண்டையும் ஒரு கையில் பிடித்து, அடியோடு அறுத்தாள். சுற்றிக் கரைப் பக்கம் வந்து அந்தப் பிடியை வேம்பின் முகத்துக்கு முன்னால் காட்டி, அவள் அதைப் பிடிக்க எட்டியபோது பின்னால் நகர்ந்து, எட்ட எட்ட நகர்ந்து, கன்றைக் காட்டிப் பசுவை ஓட்டிவருகிற மாதிரி கரைக்குக் கூட்டிவந்துவிட்டாள். படியில் ஏறினதும் முடியை வேம்பின் கையில் கொடுத்தாள். அது அவள் கையில் இருந்தபடியே பாசியாகிவிட்டது. பச்சைப் பாசி, சேற்று வாசம்.

"ரெண்டாந்தடவையும் அறுத்துட்டியே அண்ணி" என்றாள் வேம்பு. அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை.

ஊரும் பேசவில்லை. வெள்ளிக்கிழமைக்கு வந்த வெளியூர்ப் பெண்கள் வெறுங்குளத்தைப் பார்த்துவிட்டு யார் செய்தது என்று கேட்டு மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார்கள். தாய் கையிலிருந்து பிடுங்கினவள் என்று சந்தையில் அவளிடம் மீன் வாங்க யோசித்தார்கள். அறுக்காவிட்டால் வேம்பு செத்திருப்பாளே என்று நாங்கள் நாலு பேர் சொன்னோம். நாங்கள் சொன்னது யார் காதிலும் நிற்கவில்லை. தையல்நாயகி தன் பங்குக்கு ஒரு வார்த்தை பேசவில்லை, அவ்வளவு வாய் இருந்தும். எங்களோடு இறங்கி வாரத்துக்கு ஒரு மூலை பாசி இழுத்தாள், முழங்கை விட்டுத் தண்ணீர் பார்த்தாள், போனாள்.

வேம்பு மட்டும் காலையானால் படித்துறைக்கு வந்து முதல் படியில் உட்கார்ந்துவிடுவாள். மடியில் ஒன்றும் இருக்காது. ஆனால் விரல் சும்மா இருக்காது. வலது கால் நடுவுக்கு, இடது கால் நடுவுக்கு, வெறுங்காற்றை மூன்றாகப் பிரித்துப் பின்னிக்கொண்டே இருக்கும். பார்க்க முடியாமல் நாங்கள் துணியைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்குப் போய்விடுவோம். சோறு கொண்டுபோய் வைத்தால் காக்காய் தின்னும். தையல்நாயகி கொண்டுவந்த தூக்குச்சட்டியை அவள் காலால் தள்ளிவிட்டாள், அது உருண்டு குளத்தில் போய் விழுந்தது. மறுநாளும் கொண்டுவந்தாள், மறுநாளும் அப்படியே. இருபது நாள்.

இருபத்தோராம் நாள் காலையில் தையல்நாயகி தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். தூக்கு கொண்டுவரவில்லை. வேம்பின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்த படிக்கு ஒரு படி கீழே இறங்கி, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்தாள். நரைத்து, மெலிந்து, இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்த முடியை இரண்டு கையாலும் அள்ளிப் பின்னால், வேம்பின் மடியில் போட்டுவிட்டு, தலையை அசைக்காமல் குளத்தைப் பார்த்தபடி இருந்தாள்.